பதினோரு சென்டிமீட்டர் பனி

சாப்பிட்டுவிட்டு வந்து என் மேசையில் உட்கார்ந்தபோது மணி இரண்டு பத்து. உறைந்த வளைகுடாவைத் தாண்டி முகாமுக்கு டீசல் கொண்டுபோகும் என் தம்பியின் குரல் செய்தி ஒன்று வந்து கிடந்தது. பன்னிரண்டரைக்கு அனுப்பியிருக்கிறான்.

"என்ன ஐஸ் ஜோசியக்காரி, வானத்துல உக்காந்து கைரேகை பாத்துட்டு இருக்கியா? இங்க நடந்த கூத்தக் கேளு. முந்தாநாள் இங்க மழை பேஞ்சிருக்கு. பனி இல்ல, மழை! அப்புறம் குளிர்ல அப்படியே இறுகிப் போச்சு. கால வச்சா கண்ணாடிய மிதிச்ச மாதிரி நொறுங்குது. இந்தா, கேளு."

ஏழெட்டுக் காலடிச் சத்தம் கேட்டது. நொறுக், நொறுக்.

"சரி, ரெண்டே முக்காலுக்கு ரெண்டு வண்டியும் உன் மேப்புல இருக்கிற பச்சைக்குள்ள இறங்கிடுவோம். பச்சைல துளை போட வேணாம்ல, ஒரே ஓட்டந்தான். இன்னிக்கு முன்வண்டி நான்தான். வரட்டா?"

இரண்டாவது தடவை கேட்டேன். மூன்றாவது தடவை காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டேன். 

உறைந்த கடலின் கனத்தை அளப்பது என் வேலை. அந்தக் கடலை நான் நேரில் பார்த்ததில்லை. எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் போகும் செயற்கைக்கோள் ரேடார் அலையைக் கீழே அனுப்பும். அது திரும்பி வரும் நேரத்தை வைத்து, கடல் மட்டத்துக்கு மேல் ஐஸ் எவ்வளவு துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பார்ப்போம். மிதக்கிற ஐஸில் வெளியே தெரிவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதைப் பத்தால் பெருக்கினால் மொத்தக் கனம் வந்துவிடும். மேலே ஒரு சென்டிமீட்டர் பிசகினால் கீழே பத்து சென்டிமீட்டர் பொய்.

ஐஸின் மேல் பொடிப்பனி படிந்திருக்கும். ரேடார் அதைத் துளைத்துப் போய் ஐஸைத்தான் தொடும் என்ற நம்பிக்கையில் எங்கள் கணக்கு முழுதும் நிற்கிறது. பனி உலர்ந்து கிடக்கும்வரை அது சரி. மழையில் நனைந்து இறுகிவிட்டால் ரேடார் உள்ளே போகாது. பனியின் மேலேயே பட்டுத் திரும்பிவிடும். அந்த வளைகுடாவுக்கு மேலே செயற்கைக்கோள் போனது நேற்று. மழை பெய்தது அதற்கு முந்தின நாள்.

காலையில் அங்கே ஒன்றே முக்கால் மீட்டர் என்று எண் வந்தபோதே எனக்குள் ஏதோ இடித்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் அது அறுபது சென்டிமீட்டர்கூட இல்லாத புது ஐஸ். காற்று அடித்துப் பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படி நடப்பதும் உண்டு. ஒன்றரை மீட்டருக்கு மேல் என்றால் வரைபடத்தில் பச்சை. பச்சையில் ஓட்டுநர்கள் துளை போட்டு அளக்காமலே போகலாம். அதற்குக் கீழே மஞ்சள், அரைக் கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கித் துளை போட வேண்டும். ஒரு மீட்டருக்குக் கீழே சிவப்பு, அங்கே வண்டியே இறங்கக்கூடாது. நான் பச்சை அடித்துக் கையெழுத்துப் போட்டேன். தம்பி இருட்டுவதற்குள் அக்கரை சேர்ந்துவிடுவான் என்ற சந்தோஷமும் அந்தக் கையெழுத்தில் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த மேசை லேசர்காரருடையது. வேறொரு செயற்கைக்கோளின் லேசர் அளவுகள் அவர் பொறுப்பு. லேசர் எதற்குள்ளும் போகாது, பனியின் மேல்தோலைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். அவர் உயரத்திலிருந்து என் உயரத்தைக் கழித்தால் நடுவிலுள்ள பனியின் கனம் வரும்.

"சார், அந்த வளைகுடாவுல நேத்து உங்க சாட்டிலைட் கோடு ஏதாவது போச்சா?"

"சாப்பிட்டு வந்ததுமே கேள்வி கேக்க ஆரம்பிச்சிட்டீங்களே" என்றபடி தேடினார். "இருக்கு. உங்க கோட்டுக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி."

"என்னுதைக் கழிச்சுப் பாருங்க."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "அரை சென்டிகூட வரலியே. ரெண்டும் ஒன்னா நிக்குது. அங்க பனியே இல்லியா என்ன?"

"இருக்கு சார். என் தம்பி அது மேலதான் நடந்திருக்கான்."

போன மாத அளவில் அங்கே பதினோரு சென்டிமீட்டர் பனி. கால்குலேட்டர் தேவைப்படவில்லை. என் ஒன்றே முக்கால் மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் வெறும் பனி, பத்தால் பெருக்கிய பனி. தம்பியின் வண்டி, பின்னால் இழுக்கும் டீசல் டிரம் ஏற்றிய சறுக்குவண்டி, எல்லாம் சேர்த்து இருபது டன்.

"அவசரப்படாதீங்க" என்றார் லேசர்காரர். "ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போன கோட்ட வச்சு வண்டிய நிறுத்துவீங்களா? நாளைக்குப் புயல். நடுவுல மாட்டுனா அதுவும் வம்புதான். காலைல நீங்க போட்ட கையெழுத்து, மத்தியானம் நீங்களே தப்புன்னா நாளைக்கு எவன் உங்க மேப்ப நம்புவான்?"

"நம்பாம துளை போடட்டும் சார்."

ரேடியோ அறை இரண்டு மாடி கீழே. லிஃப்டுக்கு நிற்கவில்லை.

ரேடியோ அக்கா கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். டிராக்கர் திரையில் நான்கு புள்ளிகள். வண்டி இரண்டு, அவை இழுக்கும் சறுக்கு இரண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நகரும். முதல் புள்ளி பச்சையின் விளிம்பில் இருந்தது. மணி இரண்டு முப்பத்தாறு.

"அக்கா, வண்டிய நிறுத்தணும். அந்தப் பச்சை பொய்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். வெறும் இரைச்சல்.

"ரெண்டு பேரும் அவங்களுக்குள்ள பேசுற அலைவரிசைல இருப்பாங்க. மூணு மணிக்குத்தான் இந்தப் பக்கம் திருப்புவாங்க."

"சாட்டிலைட் போன்?"

"வண்டிக்குள்ள எடுக்காது. சிவப்பு விளக்கு ஒன்னு இருக்கு. இங்க இருந்து போட்டா டிராக்கர் அடுத்த தடவை பேசும்போது அவங்க கண்ணு முன்னாடி எரியும். ஆனா சும்மா போட முடியாதும்மா. யார் பொறுப்புன்னு எழுதணும்."

"என் பேர எழுதுங்க."

"காரணம்?"

"வரைபடம் தவறு. போட்டது நான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். எழுதினார். பொத்தானை அழுத்தினார்.

அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாற்பத்தொன்றுக்குப் புள்ளி நகர்ந்தது. பச்சைக்குள் முந்நூறு மீட்டர். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பதான் விளக்கு எரிஞ்சிருக்கும்" என்றார் ரேடியோ அக்கா. "பொறு."

இரைச்சல் உடைந்தது. "முன்வண்டி பேசுறேன். என்ன, வீட்ல தீ கீ பிடிச்சிருச்சா?"

நான் ஒலிவாங்கியைப் பிடுங்காத குறை. "டேய், நான்தான். வண்டிய நகத்தாத. இறங்கித் துளை போடு."

"பச்சைல எதுக்குக்கா?"

"பச்சை இல்லடா. சொல்றதச் செய். பின்வண்டிய அங்கேயே நிக்கச் சொல்லு."

அவன் குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கதவுச் சத்தம், பிறகு துளைக்கருவியின் இரைச்சல். நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் அது நின்றது. தண்ணீர் குமிழியிட்டது ரேடியோவில்கூடக் கேட்டது.

"அக்கா." மூச்சு வாங்கினான். "அறுபத்தெட்டு."

"சரி. சறுக்கைக் கழட்டி விட்டுடு. பெல்ட் போடாத. கதவத் திறந்து வச்சுக்கோ. பழைய தடத்துல ஏறாம, ஓரமா வளைஞ்சு, மெதுவா வா. எங்கேயும் நிக்காத."

"டீசல் போச்சுன்னா கேம்ப்ல என்னைக் கொளுத்திடுவாங்க."

"முதல்ல வாடா நாயே!"

இன்ஜின் சத்தம் மட்டும் வந்தது. முந்நூறு மீட்டர். நடுவில் 'டொப்' என்று ஒரு சத்தம், அடுக்குமாடியில் யாரோ மேலே பீரோவை இழுத்த மாதிரி. ரேடியோ அக்காவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. இன்ஜின் நிற்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை, என் குரல் கேட்டு அவன் நின்றுவிடுவானோ என்று.

"துளை போட்ட இடத்துக்கு வந்துட்டேன்." இன்ஜின் உறுமல் தணிந்தது. "ஏய் ஜோசியக்காரி, மேப்புல ஒன்னே முக்கால் மீட்டர் போட்டிருந்தியே. மிச்சம் ஒரு மீட்டர எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

அவன் பல் தந்தியடிப்பது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கரைக்குப் போயிட்டுக் கூப்பிடு" என்றேன்.

மாடியில் என் வரைபடம் இன்னும் பச்சையாகவே இருந்தது. இதே வரைபடத்தை இரண்டு கப்பல்களும் ஒரு விமான ஓடுதளமும் பார்க்கின்றன. மழை பெய்த இடம் முழுவதையும் சிவப்பாக்கினேன். கீழே குறிப்பு எழுதினேன்: காலை வரைபடத்தை நம்ப வேண்டாம். லேசர்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "கையெழுத்து?" என்றார். போட்டேன்.

மறுபடி ரேடியோ அறைக்கு இறங்கினேன். ஐந்தரைக்குத் தம்பி கரையிலிருந்து கூப்பிட்டான். ரெண்டு வண்டியிலும் கீறல்கூட இல்லையாம், பசிக்கிறதாம். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையைப் பார்த்தேன். அவன் விட்டுவிட்டு வந்த சறுக்கின் புள்ளி அதே இடத்தில் நின்றது. அசையாமல் நிற்கிற பாரத்தின் கீழே ஐஸ் மெல்ல மெல்லக் குழியும்.

ஐந்து நாற்பத்தாறுக்கு அந்தப் புள்ளி வரவில்லை. ஐம்பத்தொன்றுக்கும் வரவில்லை.

"அக்கா, இருக்கியா?" என்றான்.

"இருக்கேன்டா. நீ சாப்பிடு."