அசையாம இருங்க, ஐயா

நான் ஒரு போதகர். இருபத்தேழு வருடத்தில் முன்னூறு பேருக்கு மேல் அடக்க ஆராதனை நடத்தியிருக்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் குழியோரம் நின்று, "பயப்படாதிருங்கள், அவர் உயிர்த்தெழுந்தார், நாமும் எழுவோம்" என்று நான் முழங்கினால் பக்கத்துத் தெருவரை கேட்கும். மைக் வேண்டாம். அவ்வளவு தைரியசாலி. குழிக்கு வெளியே நிற்கிறவனுக்கு என்ன பயம் என்பது இந்த வருடம்தான் எனக்கு உறைத்தது.

பிரசங்கத்தின் நடுவே இரண்டு வாரம் தொடர்ந்து தலை சுற்றியது. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் உருகிப் பேசுகிறேன் என்று நினைத்துச் சபையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தலைக்குள் ஏதோ இருக்கிறது, ஸ்கேன் எடுத்தால்தான் ஆபரேஷன் செய்ய முடியும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்றார் டாக்டர்.

"தலைக்குள்ள ஏதாவது இருக்கான்னு நானும் கல்யாணமானதுலேர்ந்து தேடிட்டிருக்கேன் டாக்டர்" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு முகம் கழுவப் போனவள், கண் சிவந்து திரும்பி வந்தாள்.

ஸ்கேன் என்றால் ஒரு குழாய். கட்டிலோடு உள்ளே தள்ளுவார்கள். தலைக்கு மேல் கூண்டு போல ஒன்றை மாட்டி, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுப்பார்கள். பயந்தால் அமுக்க வேண்டும். முதல் முறை நாற்பது நொடியில் அமுக்கினேன். இரண்டாம் முறை கட்டில் நகரவே இல்லை, அதற்குள் அமுக்கிவிட்டேன்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றாள் மனைவி.

"மெஷின் ரிப்பேராம்" என்றார் இந்தப் போதகர்.

அவள் விடுவிடுவென்று கவுண்டருக்குப் போய், இரண்டு முறை அலையவிட்டதற்குச் சண்டை போட்டாள். என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. வீடு வரை அவள் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மூன்றாம் முறை போனபோது, ஸ்கேன் எடுக்கும் பெண் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஐயாவுக்கு என்னை அடையாளம் தெரியல. போன வருஷம் என் வீட்டுக்காரரை நீங்கதான் அடக்கம் பண்ணீங்க. அன்னைக்கு நல்ல மழை. நீங்க சொன்னதைப் பிடிச்சுக்கிட்டுதான் பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பி வந்தேன்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பூசி மெழுகவும் மனம் வரவில்லை.

"உண்மையச் சொல்லிடறேம்மா. அன்னைக்குப் புது ஷூ சேத்துல போகுதேன்னு நினைச்சுக்கிட்டேதான் பேசினேன்."

அவள் சிரித்துவிட்டாள். "தெரியும் ஐயா. ஷூவையேதான் பாத்துக்கிட்டிருந்தீங்க. நான் உங்களை நம்பியா வந்தேன்? எழுந்தவரை நம்பி வந்தேன். தபால்காரர் ஷூ நனைஞ்சா, அவர் கொண்டுவந்த கடிதம் பொய்யாயிடுமா?"

"இப்பவும் பயமா இருக்கும்மா."

"இருக்கட்டுமே. இங்க யாரும் தைரியம் கேக்கல. அசையாம இருங்க, அது போதும். இழுத்து வெளிய எடுக்கிறது என் பொறுப்பு."

கட்டில் உள்ளே போனது. தலைமாட்டில் யாரோ சுவரை இடிப்பது போலச் சத்தம். விரல் பந்தின் மேலேயே இருந்தது. அப்போது என் ஆண்டவரை நினைத்தேன். அவரையும் இப்படித்தான் ஒரு கல்லுக்குள் கிடத்தினார்கள், முகத்தில் துணி சுற்றி. கையில் பந்துகூட இல்லை. பிதா வந்து எழுப்பும்வரை கிடந்தார். நானோ, செத்தவன்கூடத் தைரியத்தைத் திரட்டிக்கொண்டுதான் எழ வேண்டும் என்பது போல இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். செத்தவனுக்கு ஒரு வேலையும் இல்லை. எழுப்புகிறவர் எழுப்புவார். முன்னூறு குழியோரங்களில் நான் சொன்னது முதல்முறையாக என் காதில் விழுந்தது. அது எனக்கும் சேர்த்துச் சொன்னதுதான் என்று நம்பினேன். பயம் அப்படியே இருந்தது. கூடவே அவரும் இருந்தார்.

இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கட்டில் வெளியே வந்தது. பந்தை அமுக்கவில்லை, ஆனால் கை அதை விடவும் இல்லை. அந்தப் பெண்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

கட்டி இருப்பது உறுதியானது. அடுத்த புதன்கிழமை காலை என்னை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்கேன் அறைக் கதை முழுவதும் என்னிடம் கேட்டிருந்த மனைவி, என் ஷூவைக் கையில் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

"ஷூ பத்திரமா இருக்கு, கவலைப்படாதீங்க" என்றாள். கதவு நெருங்கியதும் குரல் இறங்கியது. "பயமா இருக்கா?"

"ரொம்ப."

"உள்ள பந்து தருவாங்களா?"

"தரமாட்டாங்க."

"அப்ப என்னங்க பண்ணுவீங்க?"

"அசையாம இருப்பேன். இங்க எழுந்தாலும் சரி, அங்க எழுந்தாலும் சரி, எழுப்புறதுக்கு அவர் இருக்கார்."

பக்கத்துத் தெருவரை கேட்கும் என் குரல் சக்கரச் சத்தத்தில் பாதி கரைந்துபோனது. தள்ளிக்கொண்டு வந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது. ஷூவை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.