மாப்பிள்ளைக்கு என்ன வயசு

மறுநாள் காலை அவள் மகள் வீட்டுக்கே குடிபோக வண்டி வருவதாக ஏற்பாடு. பாத்திரங்களெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. அலமாரியில் மிஞ்சியிருந்தது கணவரின் கேமரா மட்டும்தான். அதை வாங்கிப்போகக் கொழுந்தன் வந்திருந்தார்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன், நல்ல வெயிலில், அலைத்தடுப்புச் சுவரில் நின்று கடற்காகங்களைப் படம்பிடித்துக்கொண்டிருந்த மனிதரை ஓர் அலை கொண்டுபோய்விட்டது. வார் கல்லிடுக்கில் சிக்கியதால் கேமரா மட்டும் தப்பியது. அவர் கிடைக்கவே இல்லை. இறக்கிவைக்க உடல் இல்லாத துக்கம், அவளுக்கு இறங்கவும் இல்லை. ஊரைவிட்டுப் போனால் அவரைக் கடலில் தனியாக விட்டுப்போவதாகத்தானே அர்த்தம்? மகளுக்குச் சரியென்று சொன்ன பிறகும் இதுவே அவள் மனதை அரித்தது.

"அண்ணி, படம் ஏதாவது இருந்தா உங்களுக்குத் தனியா எடுத்துத் தர்றேன்" என்று கொழுந்தன் கேமராவிலிருந்த கார்டைத் தன் மடிக்கணினியில் போட்டார். "என்ன இது, எல்லாப் படத்திலயும் ஒரே தேதி?"

"உங்கண்ணன் கல்யாண நாளையே மறக்கிற ஆளு. கேமராவுக்கா தேதி வைக்கப்போறார்?"

அவர்களுக்குத் தேதி தேவைப்பட்டதும் இல்லை. பறவையே காலண்டர். அந்தக் கரைக்கு வரும் பெரிய கடற்காகத்துக்குப் பிறந்த முதல் குளிர்காலத்தில் உடம்பெல்லாம் பழுப்பு, அலகு கறுப்பு. அடுத்த குளிர்காலத்தில் முதுகில் சாம்பல் திட்டுகள். அதற்கடுத்ததில் முதுகு முழுக்கச் சாம்பல். அலகு மஞ்சளாகி, நுனியில் மட்டும் கறுப்பு மிஞ்சும். நான்காவதில்தான் வெள்ளை வால், மாசற்ற மஞ்சள் அலகில் சிவப்புப் பொட்டு; அதன்பின் ஆயுசுக்கும் அதே கோலம். பறவையைக் கண்டுபிடிப்பது அவள் வேலை, படம்பிடிப்பது அவர் வேலை. வயதைச் சொல்வதில் தினமும் சண்டை வரும். தோற்றவர் தேநீர் போட வேண்டும். தேநீர் போட்டுப் போட்டே அவர் கை தேர்ந்தது.

திரையில் பழுப்புப் பறவை ஒன்று வந்தது. வலது காலில் நடுவிரல் பாதியில் முடிந்திருந்தது.

"மாப்பிள்ளை" என்றாள் அவள். வேளை தவறாமல் வந்து விறைப்பாக உட்கார்ந்து உபசாரத்துக்குக் காத்திருப்பதால் கணவர் வைத்த பெயர். "அவர் போன அன்னிக்கு எடுத்தது. இதுதான் கடைசி."

"இல்லையே, இன்னும் மூணு இருக்கு."

அடுத்த படத்திலும் அதே கால்தான், ஆனால் முதுகில் சாம்பல் திட்டுகள். அதற்கடுத்ததில் முதுகு முழுக்கச் சாம்பல், அலகு நுனியில் கறுப்பு. நேற்று அவள் அலைத்தடுப்புச் சுவரில் பார்த்த அதே கோலம்.

"அவர் போனப்புறம் எடுத்தது" என்றாள் மெதுவாக.

"யாரு எடுக்கிறது? பேட்டரி தனியாக் கிடக்கு. வேற பறவையா இருக்கும் அண்ணி."

"விரலப் பாரு."

கொழுந்தன் பார்த்தார். பிறகு திரையைவிட்டுக் கண்ணை எடுத்துத் தனியாகக் கிடந்த பேட்டரியைப் பார்த்தார். கடைசிப் படத்தை அவள்தான் திறந்தாள்.

பளிச்சென்ற வெள்ளை வால், மஞ்சள் அலகு, சிவப்புப் பொட்டு. மாப்பிள்ளை இன்னும் அடையாத கோலம். பறவைக்குப் பின்னால் அலைத்தடுப்புச் சுவர். எங்கிருந்து எடுத்தால் சுவர் இப்படித் தெரியும் என்று யோசித்தாள். கடலிலிருந்து. அலை மட்டத்திலிருந்து.

சுவரின்மேல் மங்கலாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் இவளுடைய அதே பச்சை ஒட்டுப்போட்ட குடை. தலைமுடி மட்டும் முழுக்க வெள்ளை. திரைமுன் இருந்தவள் தன் நெற்றியோர முடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நரை அங்கே இப்போதுதான் தொடங்கியிருந்தது.

"தம்பி, நாளைக்கு வண்டி வேணாம்னு சொல்லிடு."

"அண்ணி, இத நம்பிக்கிட்டா? பாப்பாகிட்ட நான் என்ன சொல்றது?"

"நான் இங்கதானே இருக்கேன்" என்று திரையைக் காட்டினாள். "கேமராவ நீ கொண்டுபோ. படம் எடுக்க அவருக்கு அது தேவைப்படல."

கொழுந்தன் கேமராவைத் தொடாமலேயே கிளம்பினார்.

காலையில் அவள் குடையோடு சுவருக்குப் போனாள். மாப்பிள்ளை வந்து விறைப்பாக உட்கார்ந்தது. அலகு நுனியில் கறுப்பு இன்னும் இருந்தது. அவள் பறவையைப் பார்த்து உட்காரவில்லை. தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தாள். படமெடுக்கும்போதெல்லாம் முகத்தை மறைக்கிறது என்று அவர் அலுத்துக்கொள்ளும் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.