மூன்றாவது முறை

அக்கா மகன் வந்து கேட்டால் தாய்மாமன் மறுக்கக் கூடாது. மூன்று முறை, எதைக் கேட்டாலும். எங்கள் கசாக் வழக்கம் அப்படி. என் அக்கா மகன் ஒரால்பெக் சின்ன வயதிலேயே என் வெள்ளிச் சேணத்தை வாங்கிப்போனான். கல்யாணத்தின்போது என் நீவா காரைக் கேட்டான். மூன்றாவது இன்னும் பாக்கி. அதனால் அவன் வருகிறான் என்றாலே எதை ஒளிப்பது என்றுதான் பார்ப்பேன்.

அன்று அவன் போன் செய்ததும், குஞ்சு இருந்த ஊறுகாய் ஜாடியை, அதன் தண்ணீரைச் சூடாக வைக்கும் குட்டி ஹீட்டரோடு தூக்கிப்போய்க் குளியலறையில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைத்தேன்.

"மீன் குஞ்சை ஒளிச்சு வைக்கிற ஆளை இப்பதான் பாக்குறேன்," என்றாள் என் மனைவி ரைகுல்.

"நீ வாயைத் திறக்காம இருந்தா போதும்."

ஒளிக்காமல் என்ன செய்வது? என் ஏஞ்சல் மீன் ஜோடி வருஷக்கணக்காக முட்டையிடும், இட்டதும் தானே தின்றுவிடும். போன மாதம் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சைப் பிழியப் போனபோது அதற்குள் ஏதோ துடித்தது. ஒரே ஒரு குஞ்சு. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பல்குச்சி நுனியில் தொட்டுத் தொட்டுப் போட்டு வளர்த்தேன். என் பிள்ளைகளுக்குக்கூட நான் ஊட்டியதில்லை. ஒரால்பெக்கோ மகளுக்காகப் புதுத் தொட்டி வாங்கியிருந்தான். பார்த்தால் விடுவானா?

வந்தவன் நேராகத் தொட்டியிடம் போனான். "புதுசா எதுவும் இல்லையா மாமா?"

"இந்தக் கிழடுங்கதான்."

"ஏன், தொட்டியை மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க? பயப்படாதீங்க. கேட்டாலும் சின்னதா ஏதாச்சும்தான் கேப்பேன்."

டீயோடு வைத்த பௌர்சாக் பணியாரத்தில் அவன் இரண்டாவதை எடுத்தபோது ஃப்ரிட்ஜ் சத்தம் நின்றது. வடிகட்டியும் நின்றது. காலையிலிருந்தே பனிப்புயல். எங்கோ கம்பி அறுந்திருக்கும். மின்சாரம் இல்லையென்றால் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயும் ஆறிவிடும், எங்கள் மின் அடுப்பும் எரியாது. பெரிய தொட்டி இருட்டும்வரை தாங்கும். ஜாடி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

எழுந்தால் மாட்டிக்கொள்வேன். உட்கார்ந்திருந்தால் அது சாகும். உட்கார்ந்தே இருந்தேன், பாவி.

ரைகுல் என்னைப் பார்த்தாள். பிறகு அவன் கிண்ணத்தில் டீயை விளிம்புவரை ஊற்றினாள். விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் மரியாதை. நிறைய ஊற்றினால் கிளம்பு என்று அர்த்தம்.

"என்ன அத்தை, எந்திரிச்சுப் போடாங்கிறீங்களா?" என்று சிரித்தான். "புயல் கொஞ்சம் அடங்கட்டும்." ஜாடியைச் சூடாக்கக் கெட்டிலில் மிச்சமிருந்த வெந்நீரும் அந்தக் கிண்ணத்தோடு தீர்ந்தது.

அதற்கு மேல் முடியவில்லை. போய் ஜாடியைத் தூக்கினேன். கண்ணாடி சில்லிட்டிருந்தது. குஞ்சு துடுப்பை மடக்கி, அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன்.

"உன் வீட்டுல கரி அடுப்பு எரியுதா?"

"எரியுது."

"அப்ப இதை எடுத்துட்டுப் போ. உன் மூணாவது இதுதான்."

அவன் சிரிப்பு போய்விட்டது. "என்கிட்டயிருந்தா ஒளிச்சு வெச்சீங்க? சாகுற அளவுக்கா?"

நான் ஜாடியின் மூடியை அவனிடம் நீட்டினேன். அவன் ஹீட்டரை வெளியே எடுத்துவிட்டு, ஜாடியை மூடி மேல்கோட்டுக்குள் நெஞ்சோடு சேர்த்துப் பொத்தான் போட்டான்.

"மூணாவதை இதுக்கெல்லாம் செலவழிக்க மாட்டேன். கரண்ட் வந்ததும் திருப்பிக் கொண்டாந்து தரேன்."

"ஏண்டா?"

"ஒண்ணு பாக்கி இருந்தாதானே மாமா நீங்க எனக்குப் பயப்படுவீங்க."

என்னிடம் வாங்கிய அதே நீவாவில் அவன் கிளம்புவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். அதன் ஹீட்டரை, அவன் கேட்பதற்கு முந்தின வாரம்தான் என் கையால் புதிதாக மாற்றியிருந்தேன். அதை நினைத்து எத்தனை வருஷம் வயிறெரிந்திருக்கிறேன். இப்போது அது நன்றாக வேலை செய்ய வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

பொழுது சாய்ந்தபோது போன் அடித்தது.

"பொழைச்சிருச்சு மாமா. நீந்துது. ஆனா ஆளைக் கண்டா ஓடி ஒளியுது."

"அப்படியா?"

"உங்க வளர்ப்புதானே."