முகம் மட்டும் வரவில்லை

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கணக்குப் பிரிவு நாற்காலியைத் தேய்த்து ஓய்வுபெற்ற கங்காதரனுக்கு அறுபது வயதில் ஓவியப் பைத்தியம் பிடித்தது. சதுரங்கப்பட்டினத்துக்காரர், பிறந்த ஊர்க் கடற்கரையை அதுவரை ஆபீஸ் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இப்போதோ வண்ணக் குழாய்களும் ஸ்டாண்டுமாக விடிந்ததுமே மணலில் கடை விரித்துவிடுவார். "ரிட்டையர் ஆனா எல்லாருக்கும் சுகர் வரும், இவருக்கு இது வந்திருக்கு" என்று மனைவி ஜெகதாம்பாள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

கடலும் கட்டுமரமும் சுமாராக வந்தன. மனிதர்கள்தான் மக்கர் செய்தார்கள். மீனவர் சின்னையன், பாவம், கிழிந்த வலையைச் சரிசெய்தபடி பல காலைகள் அவர் எதிரில் உட்கார்ந்து கொடுத்தார். முண்டாசு வந்தது, தோள் வந்தது, கை வந்தது. முகம் மட்டும் வரவில்லை. கடைசியில் கங்காதரன் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, அலமாரிக் கண்ணாடி முன் நின்று தன் முகத்தையே வரைந்து, கொஞ்சம் கறுப்பும் பெரிய மீசையும் சேர்த்து முடித்துவிட்டார். டவுன்ஷிப் கண்காட்சியில் முதல் பரிசு. 'நம்ம கடற்கரையின் முகம்' என்று யாரோ மைக்கில் முழங்க, கூச்சமே இல்லாமல் கைகூப்பினார். சின்னையன் படத்தைப் பார்க்கக் கேட்டபோதெல்லாம் "காயட்டும்பா" என்று தட்டிக் கழித்தார்.

பிறகு இரண்டாயிரத்து நான்கில் அந்த டிசம்பர் ஞாயிறு. கடல் ஊருக்குள் வந்துபோனதில் சின்னையனும் போனார், அவர் குடிசையும் போனது. சில நாள் கழித்து, மேட்டுத் தெருவில் கங்காதரன் வீட்டு வாசலில் சின்னையன் மனைவி யோகேஸ்வரி வந்து நின்றாள்.

"சார், காரியத்துக்கு வெக்க ஒரு போட்டோகூட இல்ல. அல்லாத்தையும் தண்ணி இஸ்துகினு பூட்ச்சி. நீ அவர வரஞ்சிகினு இருந்தியே, அந்தப் படத்தக் குடு சார்."

"அது... அவ்வளவு நல்லா வரலைம்மா."

"எப்டி இருந்தா இன்னா? அவுரு மூஞ்சி இருந்தா போதும்."

ஜெகதாம்பாள் கூடத்திலிருந்து படத்தைக் கழற்றி எடுத்து வந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். கணவர் பக்கம் திரும்பவே இல்லை. யோகேஸ்வரி படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"இது நீயில்ல?"

கங்காதரன் "மாத்திக் கொடுத்துடறேன்மா" என்று பிரஷ்ஷைத் தேடி எடுத்தார்.

"மாத்து சார். எதுத்தால குந்திகினு அத்தினி நாளு பாத்தியே, உனக்குத் தெரியாததா?"

பிரஷ்ஷை வண்ணத்தில் தோய்த்தார். மூக்கு எப்படி இருக்கும்? கண்? நெற்றி அகலமா, குறுகலா? வலை ஞாபகம் வந்தது. அதன்மேல் வெயில் விழுந்த விதம்கூட ஞாபகம் வந்தது. அந்த மனிதர் வரவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லைம்மா."

வாழ்நாளில் அவர் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவள் திட்டியிருந்தாலாவது தேவலை. அவளோ படத்தில் வலையைப் பிடித்திருந்த கைகளை விரலால் தடவினாள்.

"கை அவுருதுதான். நரம்பு பொடச்சிகினு அப்டியே கீது. குடு சார், மீதிய நான் பாத்துக்கறேன்."

காரியத்தன்று கங்காதரன் பந்தல் ஓரமாகப் போய் நின்றார். நாற்காலியில் படம் இருந்தது. சாமந்தி மாலையை யோகேஸ்வரி சட்டத்தைச் சுற்றிப் போடவில்லை. மடித்து, நெற்றியிலிருந்து மோவாய்வரை மூடிக் கட்டியிருந்தாள். வந்தவர்கள் அந்தக் கைகளைப் பார்த்துக் கும்பிட்டு அழுதார்கள். கடற்காற்றில் மாலை விலகும்போதெல்லாம் அவள் எழுந்துபோய் இழுத்து மூடினாள். ஒவ்வொரு முறையும் கங்காதரன், வியர்வையைத் துடைப்பவர்போல, துண்டால் தன் முகத்தை மூடிக்கொண்டார்.