தொறந்து கெடந்த சன்னல்

பீர் தொட்டி மேல காத வச்சு கேட்டா தூருன். ஒரு சத்தமும் இல்ல. நேத்து வரைக்கும் மழ பேயுற மாதிரி சலசலன்னு பேசிட்டிருந்த தொட்டி, இப்ப கம்முனு கெடக்கு.

பக்கத்துல கட்டில் காலி. மெத்தைல அவ புருஷன் ஒட்வார் படுத்திருந்த பள்ளம் மட்டும் அப்படியே இருக்கு. விடியும்போது அவன் உசுரு போயிருச்சு. மத்தியானம் கறுப்பு வண்டி வந்து எடுத்துட்டும் போயிருச்சு. வீட்லயே கதகதப்பான ரூம் இது ஒண்ணுதான், அடுப்பு இருக்குற ரூம். அதனால சீக்காளிக்கும் இதே ரூம், பீருக்கும் இதே ரூம்.

பீரும் அவனுக்குத்தான். இந்த வோஸ் ஊர்ப் பக்கம் அடக்கத்துக்கு வர்றவங்களுக்கு வீட்ல காய்ச்சுன பீர்தான் ஊத்தணும், அதுவும் நல்லா ஏறுற பீர். "கட பீர் ஊத்துனா பெட்டிய தொறந்துட்டு வந்துருவேன்"னு அவனே மெரட்டியிருந்தான். வருஷா வருஷம் காய்ச்சுறது அவன்தான். இந்த ஒரு தடவதான் தூருன் காய்ச்சுனா.

கொழுந்தன் சிக்வே வந்து ஒரு கரண்டி மொண்டு குடிச்சு பாத்தான். மூஞ்சி கோணிருச்சு.

"பாகு மாதிரி இருக்கு அண்ணி, சக்கர பாதிதான் சாராயமா மாறியிருக்கு. இத ஊத்துனா பாதிரியாருக்கு பல்லு கொட்டிரும்."

அப்புறம்தான் சன்னல பாத்தான். பப்பரப்பான்னு தொறந்து கெடக்கு. அடுப்பும் அணஞ்சு கெடக்கு.

"எப்ப தொறந்தீங்க?"

"உங்கண்ணன் போனதும்."

"உசுரு போக வழி விட எல்லாரும் தொறக்குறதுதான். ஆனா கொஞ்ச நேரத்துல சாத்திருவாங்கல்ல? பிப்ரவரி குளுரு பூரா உள்ள வந்திருக்கு. ஈஸ்ட்டு வெறச்சுப்போய் அடில படுத்துக்கிச்சு."

"உங்கண்ணன் எதையாவது சட்டுனு செஞ்சிருக்காரா? செருப்பு மாட்டவே அரை மணி நேரம் ஆகும்."

சிக்வே சிரிச்சான். பாதிலயே நிறுத்திட்டான்.

சிக்வே போய் சொன்னதும் அடுத்த வீட்டு கிஸ்லெ ஒரு பாட்டில்ல காஞ்ச ஈஸ்ட்டோட வந்தாரு. "ஒட்வார் குடுத்ததுதாம்மா. போன கிறிஸ்துமஸுக்கு என் தொட்டி படுத்துக்கிச்சு. வந்து ஒரு மணி நேரம் கேலி பண்ணிட்டுத்தான் குடுத்தான் பாவி."

சிக்வே பாட்டில வாங்கி தொட்டில கொட்டப் போனான். கிஸ்லெ கைய தட்டி விட்டாரு.

"டேய் அவசரக்குடுக்க! இம்புட்டு சாராயம் ஏறுன தொட்டில அப்படியே போட்டா அதுவும் சுருண்டுரும். கொஞ்சம் பீர வெதுவெதுப்பாக்கி, கிண்ணத்துல வச்சு மொதல்ல எழுப்பு."

சொல்லிட்டு சன்னல பாத்தாரு. சிக்வேயும் பாத்தான். ரெண்டு பேருமே நகரல.

தூருன்தான் எந்திரிச்சு போனா. வெளிய பனில வண்டி போன தடம் வளஞ்சு ரோட்டுக்கு போகுது. வேற ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரம் பாத்துட்டு நின்னா. அப்புறம் சன்னல இழுத்து சாத்தி கொக்கிய மாட்டுனா.

அதுக்கப்புறம் வேலதான். சிக்வே அடுப்ப பத்த வச்சான். கிஸ்லெ சுடுதண்ணி பாட்டில தொட்டிய சுத்தி அடுக்குனாரு. கட்டில்ல கெடந்த ஆட்டுத்தோல் போர்வைய எடுத்து தூருனே தொட்டிக்கு சுத்துனா. நீள அகப்பைய விட்டு அடில படுத்திருந்தத மெதுவா கெளப்பி விட்டா.

இருட்டுற நேரத்துக்கு தொட்டி சூடேறிருச்சு. கிண்ணத்துல வெதுவெதுப்பான பீர்ல போட்ட ஈஸ்ட்டு நொர கட்டிக்கிச்சு.

"காய்ச்சுன அன்னிக்கு ஈஸ்ட்டு ஊத்தும்போது கத்துனியாம்மா?" கிஸ்லெ கேட்டாரு. அந்த ஊர் வழக்கப்படி ஊத்தும்போது தொண்ட கிழிய கத்தணும். இல்லன்னா பீரு தூங்கிரும்.

"இல்ல. அவரு தூங்குறாருன்னு மெதுவா ஊத்துனேன். கண்ண தொறக்காமயே 'என்னடி, யாரும் கத்தல?'ன்னு கேட்டாரு. நாளைக்கு கத்துறேன், இப்ப தூங்குங்கன்னேன்."



தூருன் கிண்ணத்த தொட்டி மேல சாச்சா. வாய தொறந்தா, சத்தம் வரல. திரும்ப தொறந்தா. வந்த சத்தத்துல கிஸ்லெ வீட்டு நாயி அங்க இருந்து கொரைக்க ஆரம்பிச்சிருச்சு. கிண்ணம் காலியாகியும் அவ நிறுத்தல. சிக்வே ஒரு அடி பின்னால போனான். கிஸ்லெ தொப்பிய கழட்டி கைல வச்சுக்கிட்டாரு.

"போதுமா?" மேல் மூச்சு வாங்க தூருன் கேட்டா.

"போதும்மா. நல்லாவே கேட்டிருக்கும்."

கிஸ்லெ கெளம்பி போனாரு. சிக்வே வெறகு எடுத்துட்டு உள்ள வந்தப்ப, தொட்டிய சுத்துன போர்வைக்குள்ள இருந்து பொளக்குன்னு சின்னதா ஒரு சத்தம். அப்புறம் இன்னொண்ணு.

"அண்ணி..."

"உஷ்."

அந்தப் பள்ளத்துல படாம, கட்டில் ஓரமா உக்காந்து தூருன் கேட்டுட்டிருந்தா.