ஆளுக்குப் பாதிச் சுவர்

எங்கள் தெருவில் அடுத்த வீட்டுக்காரர் உள்ளே வந்தால் முதலில் தறியின் மேல் ஒரு வேட்டியை விரித்துப் போடுவோம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதெல்லாம் அதற்கப்புறம்தான். டிசைனைப் பார்த்துவிட்டுப் போய் அப்படியே நெய்துவிடுவார்கள் என்ற பயம். அப்படிப்பட்ட சேவூர்க்காரர்களுக்கு, நெசவாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு சுவர் முழுக்க வீடியோ திரை மாட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? எல்லாருக்கும் பொதுவாம். வாங்க வருகிறவர்களுக்கு இனிமேல் புடவையை அதில்தான் காட்ட வேண்டுமாம். யார் மண்டையில் உதித்த யோசனையோ தெரியவில்லை.

இருந்தாலும் போனேன். சந்தோஷுக்காகப் போனேன். என்னிடம் நெய்கிறவர்களில் அவன்தான் கெட்டிக்காரன். ஆர்டர் இல்லாமல் தறிகள் சும்மா கிடந்தன. “திங்கக்கெழம செய்யாறு பக்கம் கம்பெனிக்குப் போறேண்ணா. பஸ்ஸு வீட்டாண்டயே வருதாம்” என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா? அவன் கிளம்பினால் மற்றவர்களும் கிளம்புவார்கள். நான் தறிகளைப் பிரித்து விறகுக்குப் போட வேண்டியதுதான்.

சென்னைப் புடவைக்கடை ஒன்றுக்குச் சரக்கு எடுக்கிற மஹிமா வந்திருந்தார். தெள்ளார் பக்கத்துப் பெண். நன்றாகச் சிரித்துப் பேசினார், ஆனால் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார்.

சங்கத்தில் கம்ப்யூட்டரைக் கவனிக்கிற பவித்ரா, “மேடத்துக்கு டைம் கம்மிங்க. ரெண்டு ரெண்டு பேரா காட்டிடலாம், ஆளுக்குப் பாதிச் சுவர். தனசேகரன் அண்ணா, நீங்களும் எழிலரசன் அண்ணனும் மொதல்ல போட்டோ அனுப்புங்க” என்றாள்.

எழிலரசனா! ஊரில் வேறு ஆளே இல்லையா? எனக்கு எதிர் வீடு. போன தீபாவளிக்கு என்னிடம் நெய்துகொண்டிருந்த ஒருவனை ஆசைகாட்டி இழுத்துக்கொண்டவன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

அவன் பார்க்க முழுப் புடவையையும் காட்ட நான் என்ன ஏமாளியா? என் புடவைக்கு உயிரே முந்தானைதான். செல்போனிலேயே படத்திலிருந்து முந்தானையை வெட்டிவிட்டு மீதியை அனுப்பினேன். முந்தானையை மேடத்திடம் தனியாகக் காட்டிக்கொள்ளலாம்.

சுவர் பளிச்சென்று எரிந்தது. இடது பாதியில் என் புடவை, பார்டரோடு. வலது பாதியில் வெறும் முந்தானை. எழிலரசன் தன் பார்டரை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறான், கள்ளன்! இரண்டுமே அரக்கு நிறம் வேறு. ஒட்டின இடம்கூடத் தெரியவில்லை.

மஹிமா எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனார். “அழகா இருக்குங்களே! இந்தப் புடவை யாரோடது?”

“என்னுதுங்க” என்றேன்.

“என்னுதுங்க” என்றான் எழிலரசனும்.

கூடமே சிரித்தது. பவித்ரா விஷயத்தைச் சொன்னதும் மஹிமா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ரெண்டு பேரும் முழுசா காட்டுங்க” என்றார். வேறு வழி? அனுப்பினோம்.

நான் மாதக்கணக்கில் ஒளித்துவைத்த முந்தானை மயில்கள் ஆளுயரத்துக்குச் சுவரில் நின்றன. என் நெஞ்சு நிமிர்ந்தது. மஹிமா உற்றுப் பார்த்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. முன்ன இருந்ததே நல்லா இருந்துச்சு.”

எழிலரசனின் பார்டரைப் பார்த்தும் அதையேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆத்திரத்தோடு சுவரைப் பார்த்தேன். அவ்வளவு பெரிதாகப் பார்த்தபோது, என் மயில்கள் கோழிகளைப்போலத்தான் இருந்தன.

“இவர் பார்டரு, அவர் முந்தானை. அப்படியே ஒரே புடவையா நெய்வீங்களா? பெரிய ஆர்டருங்க. ஒருத்தரால முடியாது, ரெண்டு பேருமே நெய்யணும்.”

அப்படியென்றால் என் பார்டர் டிசைனை நானே அவன் கையில் கொடுக்க வேண்டும். அவன் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மஹிமா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குத் திங்கட்கிழமை காலையில் சந்தோஷ் கம்பெனி பஸ்ஸில் ஏறுவது கண்ணுக்குள் வந்தது.

“என் பார்டர எழிலரசனுக்குத் தந்துடறேங்க” என்றேன்.

எழிலரசன் தொண்டையைச் செருமினான். “முந்தானைய நாளைக்கே தந்துடறேங்க.”

அடுத்த ஜோடி சுவருக்கு வந்தது. எழிலரசன் முன்னாலேயே எழுந்து போய்விட்டான். நான் வெளியே வந்து சந்தோஷைப் போனில் கூப்பிட்டேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். மறுபடி கூப்பிட்டேன், அப்போதும் அப்படியே. கம்பெனிக்காரர்களிடம் முடிவு சொல்லிவிட்டானோ என்று தவித்துப்போனேன். ஒருவழியாக எடுத்தான்.

“டேய் சந்தோஷு, போவாதடா. ஆர்டர் வந்துட்ச்சு!”

“தெரியும்ணா. எழிலரசன் அண்ணந்தான் இவ்ளோ நேரம் பேசிகினு இருந்தாரு.”

எனக்குக் கை கால் ஓடவில்லை. இவனையும் இழுத்துவிட்டானா?

“இன்னாடா சொன்னான்?”

“‘கம்பெனிக்கெல்லாம் பூடாத. தனசேகரனுக்கு நீ இல்லன்னா கையொடிஞ்ச மாதிரி. அங்கயே இரு, ஜல்தியா வேலைய ஆரம்பிங்க’ன்னாரு. நான் போலண்ணா.”

கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். என் ஆளுடைய நம்பர் அவனிடம் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும்தான். அதை இன்னொரு நாள் கேட்டுக்கொள்கிறேன்.