தானாக ஏறிய கூடைகள்

“நாம தொடவே வேணாம். நான் ஒரே ஒரு வரி சொல்றேன், அத்தனை கூடையும் தானா மொட்டை மாடி ஏறிடும்,” என்றாள் ரேடியோ. அணைக்கவே முடியாத வாய் என்பதால் அங்கே அவளுக்கு அந்தப் பெயர்.

விடுதியின் அடித்தளச் சலவை அறையே கொல்லென்று சிரித்தது. துவைக்கும் மெஷின்கூடக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது என்றுதான் சொல்ல வேண்டும். மடிப்பு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

படுக்கை விரிப்பு மடித்து மடித்தே அந்தப் பெயரை வாங்கியவள் அவள். காலையிலிருந்து நின்ற கால் நின்றபடி நிற்கிறாள். அவள் முட்டி எழுப்பிய சத்தத்தைக் கேட்டு, வாசல் கேட்டுதான் கத்துகிறது என்று காவலாளி ஒருமுறை எண்ணெய் ஊற்றப் போய்விட்டார். இன்று பார்த்து லிப்டும் படுத்துவிட்டது. ஈர விரிப்புக் கூடை ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி கனம். நாலு மாடி ஏற்றிக் காயப்போட வேண்டும்.

மேற்பார்வையாளர் கஞ்சி, சட்டைக்குப் போட்ட கஞ்சியில் மீதியை முகத்துக்கும் போட்டுக்கொண்டு வருகிறவர். காலையிலேயே சொல்லிவிட்டார்: “சாயங்காலத்துக்குள்ள எல்லாம் மேல இருக்கணும். மாடி ஏற முடியாதவங்க நாளையிலேர்ந்து வர வேணாம்.” சொல்லும்போது அவர் பார்வை அக்காவின் முட்டியில் வந்து நின்றது.

“கூடைக்குக் கால் முளைக்குமாக்கும்! வாயை மூடிட்டு ஒரு கை பிடிடி,” என்றாள் அக்கா.

“இரு அக்கா. இந்நேரத்துக்கு யாருக்கு நாக்கு நேரா நிக்குது? உடம்பு அலுத்தா முதல்ல நாக்குதான் படுக்கும். நீ மட்டும் வாயைத் திறந்துடாத, தப்பினா தூக்கணும்!”

ரேடியோ ஒரு கூடையைப் படிக்கட்டின் காலடியில் வைத்துவிட்டு, சுங்கச்சாவடி மாதிரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் மாட்டியவர் பாத்திரம் கழுவுகிற அண்ணன். அழுக்குத் துண்டுகளைப் போட வந்தவர்.

“அண்ணே, இதை மூணு தடவை மூச்சு விடாம சொல்லு. சொல்லிட்டா ஒரு வாரம் உன் சட்டை என் பொறுப்பு. தப்பினா கூடையை ஒரு மாடி தூக்கு. ‘அழுக்கை அலசி அலுத்தவள் அழுதழுது அள்ளினாள், அள்ளி அள்ளி அலுத்தவள் அழுதழுது அலசினாள்.’”

“இதென்ன பிரமாதம்? அழுக்கை அலசி அலுத்தவள் அழுதழுது அலசி... அள்ளி... அட, சீ!”

முனகிக்கொண்டே கூடையைத் தூக்கினார். ஆனால் தான் தோற்றதை அடுத்தவர் தலையில் கட்டாமல் யாருக்குத் தூக்கம் வரும்? முதல் மாடியில் அறை பெருக்குகிறவள் துடைப்பத்தில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். அவளை எழுப்பி, “எங்க, நீ சொல்லு பாப்போம்,” என்றார். அவள் நாக்கும் புரண்டது. கூடை இரண்டாம் மாடிக்குப் போனது. அண்ணன் கீழே ஓடிவந்து அடுத்த கூடையைத் தானே எடுத்துக்கொண்டார், இன்னொருவரைக் கவிழ்க்கலாம் என்ற ஆசையில்!

அதற்குப் பிறகு விடுதியில் எவர் நாக்கும் உருப்படியாக இல்லை. லிப்டை ரிப்பேர் செய்ய வந்தவர் ஒரு கூடை. அறை கேட்டு வந்த விற்பனைக்காரர், கழுத்து டையோடு ஒரு கூடை. அண்ணன் தன் தொழில் வரி ஒன்றையும் அவிழ்த்துவிட்டார்: “தொட்டித் தண்ணியில தட்டைத் தொட்டுத் தட்டு, தட்டுல தொட்டதைத் தொட்டியில தட்டு!” அதில் காவலாளி கவிழ்ந்து, தொப்பிக்கு மேல் கூடை வைத்துக்கொண்டு ஏறினார்.

அக்கா வெறுங்கையோடு ஏறினாள். அதுவே பெரும்பாடு. ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து எழுந்தாள். மேலும் கீழும் குழறல், திட்டு, சிரிப்பு. எல்லாருமே செத்த களைப்பில்தான் சிரித்தார்கள். இருமல் மாதிரி அது தானாக வந்தது.

மொட்டை மாடியில் கூடைகள் வரிசையாக நின்றன. ஒன்று மட்டும் குறைந்தது. அக்கா இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தாள். அந்த ஒன்றுக்காகத் திரும்ப இறங்கினால் இன்று மட்டுமல்ல, என்றைக்குமே ஏற மாட்டாள்.

படிக்கட்டில் புஸ் புஸ் என்று மூச்சு கேட்டது. கடைசிக் கூடை வந்தது. அதற்கடியில் கஞ்சி. சட்டையெல்லாம் ஈரம், ஒரு மடிப்புகூட மிச்சமில்லை. பின்னால் ரேடியோ, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு.

“சும்மா... சொல்லிப் பாத்தேன்,” என்றார், யாரும் கேட்காமலே. கூடையை இறக்கிவிட்டு, அக்காவின் முட்டியைப் பார்த்தார். தன் முட்டியைத் தடவிக்கொண்டார். “நீங்க ஏறிட்டீங்கல்ல? அப்ப நாளைக்கு வழக்கம்போல வாங்க. ஆனா முதலாளி கேட்டா... இதெல்லாம் எப்படி மேல வந்துச்சுன்னு...”

அக்கா ஒரு விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள்.

“அதுவா ஏறுச்சு சார். நான் நம்பல. ஆனா என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”